ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்கு எது: பலாக்காயா, காளானா, மீல் மேக்கரா?

எங்கள் வீட்டில் கறியை முதலில் நிறுத்தியது மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் தட்டைத் தள்ளிவைத்தாள். காரணம் கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்றாள், அவ்வளவுதான். மூன்று மாதம் ஞாயிறுதோறும் அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது. நான்காம் மாதம் மனைவி, "இனி ஒரே குழம்புதான். கறி வேண்டுமென்றால் நீங்களே கழுவி, நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாள். கழுவிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கும் ஆசை கொஞ்சம் மட்டுப்பட்டது என்பதுதான் உண்மை.

ஒரேயடியாக விட என்னால் முடியவில்லை. ஆனால் படிப்படியாக விடுவதற்கு நம் வீடுகளில் படிக்கட்டு ஏற்கெனவே கட்டித்தான் இருக்கிறது. வெள்ளி, செவ்வாய் கிடையாது, அமாவாசை, கிருத்திகை கிடையாது, புரட்டாசி முழுக்கக் கிடையாது. நான் புரட்டாசியோடு ஐப்பசியையும் சேர்த்துக்கொண்டேன். முதல் வருடம் தீபாவளிக் காலையில் அது உடைந்தது. இட்லிக்குக் கறிக்குழம்பு இல்லாத தீபாவளியை என் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. மறுவருடம் தாண்டிவிட்டேன். ஆட்டுக்கறி முதலில் போனது, பிறகு கோழி, கடைசியில் மீன்.

இந்த இரண்டு வருடத்தில் அந்தச் சட்டியில் என்னென்னவோ விழுந்து எழுந்தன. பனீரை முதலிலேயே தள்ளிவிடலாம். அது நல்ல பண்டம்தான், ஆனால் எந்தக் குழம்பில் போட்டாலும் பாலாகவே இருக்கிறது. உறைய வைத்து விற்கும் 'தாவர இறைச்சி'யை இரண்டே முறை, அதுவும் பிறர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நிஜமான போட்டி பலாக்காய், காளான், மீல் மேக்கர் மூன்றுக்கும்தான்.

வாய்க்கு மட்டும் மார்க் போட்டால் பலாக்காய்தான் முதலிடம். கொட்டை முற்றாத பலாமூசை வேகவைத்து உதிர்த்தால் கோழிக்கறி போலவே நார்நாராகப் பிரியும். மிளகும் சோம்பும் வறுத்து அரைத்துப் போட்டு, அடிபிடிக்கும் வரை சுருட்டினால், விருந்தாளிக்கு இரண்டாவது வாயில்தான் சந்தேகம் வரும். வங்காளத்தில் இதற்கு 'மரத்துக் கிடா' என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது. ஆனால் அதை வெட்டிப் பார்த்தவருக்குத்தான் கஷ்டம் தெரியும். கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவாமல் தொட்டால் பிசின் இரண்டு நாளைக்குப் போகாது. அதோடு மாசி, பங்குனியில் தாராளமாகக் கிடைக்கும் பிஞ்சு, ஆனி பிறந்தால் பண்ருட்டிப் பழமாகத்தான் வண்டியில் வருகிறது. புரதமும் பெயருக்குத்தான்.

காளான் வேலையே வைக்காது. துடைத்து, நறுக்கி, பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். பிரியாணிக்கு அதுதான் பொருத்தம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் பாக்கெட்டை வாணலியில் கொட்டினால் நீர்விட்டு, சுண்டி, ஒரு கைப்பிடியாக நிற்கும். நான்கு பேர் வீட்டில் அந்தக் கைப்பிடியை யாருக்கு வைப்பது?

ருசியிலும் அழகிலும் இவை இரண்டுக்கும் கீழேதான் மீல் மேக்கர். இருந்தும் நான் அதன் பக்கம். காரணம் ஒன்றே ஒன்று: அது எப்போதும் வீட்டில் இருக்கிறது.

கறி ஆசை நாள் பார்த்து வருவதில்லை. கார்த்திகை மாதம், அடைமழை, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. எதிர்வீட்டில் மிளகுக் கோழி வறுபடுகிறது. நான் வியாழக்கிழமை வாங்கிய காளானை எடுத்துப் பார்த்தால் கறுத்து, வழவழவென்று இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் போய் மட்டன் சுக்கா சாப்பிட்டுவிட்டு, திருடன் மாதிரி வாய் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். ஐந்து மாத விரதம் ஒரு பாக்கெட் காளானால் போனது. மறுநாள் ஒரு கிலோ மீல் மேக்கர் வாங்கி எவர்சில்வர் டப்பாவில் கொட்டினேன். அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஈரம் படாமல் மூடிவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மின்சாரம் போனாலும் கவலையில்லை. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் டப்பாவைத் திறந்தால் அப்படியே இருக்கிறது. மாற்று உணவு எவ்வளவு ருசியானது என்பதை விட, மனம் தடுமாறும் அந்த அரைமணி நேரத்தில் அது கைக்கெட்டுமா என்பதுதான் எனக்குக் கணக்கு.

பலருக்கு மீல் மேக்கர் பிடிக்காமல் போவதற்குக் காரணம் பிழியாததுதான். எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இயந்திரத் துளை வழியே தள்ளும்போது பொரிந்து வரும் பஞ்சு அது. எந்த நீரில் போட்டாலும் குடிக்கும். கொதிக்கும் உப்புநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஆறியதும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நுரையோடு மஞ்சள் தண்ணீர் வரும். பச்சை வாடை அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழிய வேண்டும். மூன்றாம் முறை நீர் தெளிந்து வரும். அப்போது பஞ்சு தாகத்தோடு இருக்கிறது. தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூளில் அரைமணி நேரம் புரட்டிவைத்தால் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். ஆட்டுக்கறி குழம்புக்குத் தன் சாற்றைக் கொடுக்கும். இது குழம்பிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஆகவே மசாலாவை ஒரு பங்கு கூட்டித்தான் போட வேண்டும். கல்பாசியை மறக்கக் கூடாது. மதியம் வைத்த குழம்பு ராத்திரி தோசைக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உலர்ந்த எடைக்கு. ஊறினால் இரண்டரை, மூன்று மடங்கு கனக்கும். ஒருவர் தட்டில் விழுவது உலர்ந்த கணக்கில் 25, 30 கிராம்தான். அப்படியும் 13 கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கிறது, ஏறக்குறைய இரண்டு முட்டை. சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஆகாது என்று அலுவலகத்தில் ஒருவர் காதில் ஓதினார். சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் ஆண் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் இடையில் நல்ல இடைவெளி விட வேண்டும், மாத்திரை உடலில் சேர்வதை அது தடுக்கும். பி12 இந்த மூன்றிலும் நம்பும்படி இல்லை. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்குவதால் குறைவது வெளியே தெரியவும் நாளாகும். நான் பால், தயிர் விடவில்லை, முட்டையை மகளுக்குத் தெரிந்தே சாப்பிடுகிறேன், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மீன் விஷயத்தில் மீல் மேக்கர் உதவாது. மீன் வறுவலுக்கு வாழைக்காயைச் சாய்வாகச் சீவி, அதே மசாலாவைத் தடவித் தோசைக்கல்லில் போட்டால் பாதி தூரம் வரும். புளிக்குழம்புக்கு மாங்காயும் சேப்பங்கிழங்கும் போதும். கருவாட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. பரணில் நெத்திலி போட்டு மூடிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இன்னும் இருக்கிறது. மனைவி அதை எறியவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.