புதுப் படகு வேகம் எடுக்கவில்லை: டீலரா, கரை மெக்கானிக்கா, நுகர்வோர் ஆணையமா?

எங்கள் வீட்டில் கடைசியாகக் கப்பல் ஏறியவர் ஐயா, பர்மாவுக்கு. அதற்கப்புறம் கடலோடு எங்களுக்கு இருந்த உறவு நண்டு வாங்குவதோடு சரி. தொண்டியில் மீன்பிடிக்கும் பள்ளித் தோழனுக்கு ஃபைபர் படகு வாங்கப் பாதிப் பணம் போட்டதில்தான் இந்தப் படிப்பெல்லாம் வந்தது.

புது 40 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின். முழு ஆக்சிலேட்டரில் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று வரவேண்டும் என்கிறது கையேடு. எங்களுக்கு 4400ஐத் தாண்டவில்லை. படகு முன்பக்கம் தூக்கிக்கொண்டு உழுததே தவிர, தண்ணீர் மேல் ஏறி ஓடவில்லை. டீலரைக் கூப்பிட்டால் “லோடு அதிகம்ணே, ஓட ஓடச் சரியாயிரும்” என்றார். தேவகோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை போய் அந்த ஒரே வசனத்தைக் கேட்டுவிட்டு வந்தேன்.

போக மூன்று வழி இருந்தது.

முதலில் டீலர். அவர் கையில் இருப்பது வாரண்டி மட்டுமல்ல, எஞ்சினோடு இணைக்கும் கம்ப்யூட்டரும்தான். எந்தச் சுற்றில் எத்தனை மணி நேரம் ஓடியது, சூடேறி எச்சரிக்கை வந்ததா என்பதெல்லாம் அதில் தெரியும். கரையில் இருக்கும் யாரிடமும் அது கிடையாது. ஆனால் படகில் எஞ்சினை ஏற்றியவரும் அவர்தான். கேபிள் இழுத்தது, உயரம் வைத்தது, புரொபெல்லர் தேர்ந்தெடுத்தது எல்லாம் அவர் வேலை. தன் வேலையிலேயே குற்றம் கண்டுபிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஷெட்டில் தண்ணீர்க் குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்து, “பாருங்கண்ணே, பூ மாதிரி ஓடுது” என்று காட்டினார். பாரமே இல்லாமல் ஓட்டினால் எந்த எஞ்சினும் பூ மாதிரிதான் ஓடும். கடலில் பார்க்காத சோதனையைச் சோதனை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது கரை மெக்கானிக். கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் கூடவே கடலுக்கு வருவார். எங்கள் ஆள் முதல் நாள் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. தனி டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றி நேராக எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டினார். மாற்றமில்லை. ஆக டேங்க் காற்றுத்துளை, பெட்ரோல் குழாய், பழைய பெட்ரோலில் கலந்த தண்ணீர் எல்லாம் கழிந்தது. எஞ்சினிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்த்தார். பாக் விரிகுடாவில் கடற்புல் அதிகம். உறிஞ்சும் வாயில் புல் அடைத்தால் எஞ்சின் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் இல்லை. வலையையும் ஐஸ் பெட்டியையும் இறக்கிவிட்டு, இரண்டே பேரோடு ஓட்டினோம். 4500. டீலரின் ‘லோடு’ அங்கேயே கரைந்துவிட்டது.

மிஞ்சியது புரொபெல்லர். அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் தூரம், அதிகமாக இருந்தால், மேட்டில் நான்காம் கியரில் வண்டி ஏறுவதுபோல எஞ்சின் திணறும். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது கணக்கு. 13 அங்குலத்தைக் கழற்றிவிட்டு இரவல் வாங்கிய 11 அங்குலத்தை மாட்டினோம். அதே ஆள், அதே சாமானோடு 4800. இன்னும் எங்கேயோ இடிக்கிறது. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, என்னை ஆக்சிலேட்டரை முழுக்கத் தள்ளச் சொன்னார். அங்கே எஞ்சினுக்குக் காற்று விடும் பட்டாம்பூச்சி வால்வு முழுதாகத் திறக்கவில்லை. கேபிளைக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள்.

என் கை பரபரத்தது, அங்கேயே சரி செய்துவிடலாம் என்று. அவர்தான் தடுத்தார். “நான் ஸ்பேனர் வச்சா நாளைக்கு என் தலையில போட்டுருவாங்க.” உண்மைதான். வெளியாள் கை வைத்தார் என்பது வாரண்டியை மறுக்க டீலருக்குக் கிடைக்கும் முதல் சாக்கு. ஆகையால் என் கணக்கில், கண்டுபிடிக்கக் கரை மெக்கானிக், கழற்றிப் பூட்ட டீலர்.

மூன்றாவது வழி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டீலர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, காலக்கெடு 2 ஆண்டு. பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், அதுவரை படகு கரையில் கிடக்கும். இன்னொரு கொக்கி: வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், தானே உழைத்துப் பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. பில் தோழன் பெயரில் இருந்ததால் பிழைத்தோம். பணம் போட்ட செட்டி என் பெயரில் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்திருப்பார்.

இதைவிட முக்கியம், யார் மேல் புகார் என்பது. எஞ்சின் கம்பெனி எஞ்சின் நன்றாக இருக்கிறது என்னும், படகு கட்டியவர் படகு நன்றாக இருக்கிறது என்பார். இரண்டும் உண்மை! பழுது இரண்டையும் சேர்த்த இடத்தில். எஞ்சின் வாரண்டியைக் காட்டிச் சண்டை போட்டிருந்தால் தோற்றிருப்போம். இது பொருத்திக் கொடுத்த சேவையின் குறை, டீலருடைய பொறுப்பு.

தேதி, ஆள் எண்ணிக்கை, சுற்று, வேகம் என்று நாலு பத்தியாகப் பேரேடு போல எழுதி, மீட்டர் படத்தோடு டீலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யப் போகிறோம் என்றும் ஒரு வரி. ஐந்தாம் நாள் ஆள் வந்தான். கேபிளைச் சரிசெய்து, 11 அங்குலம் மாட்டி, எங்களோடு கடலுக்கு வந்தான். 5300. ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியதை அடிக்கச் சொல்லி, செய்த வேலையை எழுதவைத்த பிறகுதான் தோழன் கையெழுத்துப் போட்டான்.

புரொபெல்லருக்கு வந்த பில் மட்டும் இன்னும் தகராறில் இருக்கிறது. பழைய 13ஐ நாங்களும் திருப்பிக் கொடுக்கவில்லை.