காகிதக் கப்பலுக்குப் பலகை ஒட்டித் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

கோபம் இன்னும் அடங்கவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரூ.7,500 போச்சு.

'கட்டி சார்க்' கப்பலின் காகித மாடல் அது. 1869-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, சீனத் தேயிலை ஏற்றி ஓடி, இப்போது லண்டன் கிரீனிச்சில் நிற்கிறதே, அதே கப்பல்தான். 1:96 அளவில் ஏராவும் (கப்பலின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு) வங்குகளும் (அதன்மேல் விலா எலும்பு மாதிரி நிற்கும் குறுக்குச் சட்டங்கள்) நானே வெட்டி நிறுத்திவிட்டேன். அதன்மேல் பலகை ஒட்டி, அதாவது பலகை மாதிரி அட்டைப் பட்டைகளை வரிசையாக ஒட்டி மூடி, பெயின்ட் அடிக்கும் வேலையை மட்டும், மாடல் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கொடுத்தேன்.

அந்த ஆளின் பேச்சு அப்படி. வங்கு விளிம்புகளை முதலில் சரிவாகத் தேய்க்கணும், அணியத்தை (கப்பலின் முன்பக்கம்) நெருங்க நெருங்க ஒவ்வொரு பட்டையையும் ஒடுக்கணும், இடமும் வலமும் மாற்றி மாற்றி ஒட்டாவிட்டால் ஏரா முறுக்கிக்கொள்ளும் என்றார். அத்தனையும் உண்மை. அலமாரியிலிருந்து ஒரு கப்பலை எடுத்து என் கையிலேயே வைத்தார். தடவிப் பார்த்தேன், ஒரு வங்குகூட விரலில் தட்டுப்படவில்லை. நின்ற இடத்திலேயே ரூ.7,500 முழுதும் அனுப்பிவிட்டேன். அந்தக் கப்பல் அவர் செய்ததே இல்லையாம். கடைப் பையன் பிறகு சொன்னான்.

திரும்பி வந்த என் கப்பல் பட்டினி மாட்டின் விலா மாதிரி இருந்தது. தண்ணீர்ப் பசையை அள்ளிப் பூசியதில் அட்டை ஊறி, வங்குகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இறங்கிவிட்டது. அணியத்தில் பட்டைகளை ஒடுக்காமல் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, மேலே புட்டி. சீலர் (பெயின்ட்டுக்கு முன் காகிதத்தை இறுக்கும் அடிப்பூச்சு) இல்லாமல் பெயின்ட் அடித்ததால் காகித நார் சிலிர்த்து நிற்கிறது. நிஜக் கப்பலில் நீர்மட்டத்துக்குக் கீழே மஞ்சள் உலோகத் தகடுகள் உண்டு. அதைத் தகடு தகடாக ஒட்டுவதாகச் சொல்லித்தான் ரூ.7,500 கேட்டார், அடித்திருப்பது தங்கக் கலர் ஸ்ப்ரே.

கேட்டால், "பேப்பர்னா அப்படித்தான் சார்." அப்புறம், "மழைக்காலம் சார், காய்ஞ்சா நேராயிடும்." அப்புறம் ஓனர் ஊரில் இல்லை. இவர்தான் ஓனர் என்று நினைத்திருந்தேன்! இப்போது போனும் எடுப்பதில்லை.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. முழுப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். முதல் நாலு பட்டை ஒட்டியதும் நேரில் போய்ப் பாருங்கள். என்ன பசை, என்ன சீலர் என்று எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள் என்றும் சொல்வேன். நான் எடுத்து வைத்திருந்ததைக் காட்டியதற்கு, "இது வேற கப்பல் சார்" என்றார்.