பழைய ஹோண்டா: எம்.டி.90 ஆ, சி.டி.125 ஆ?

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்ட ஆசைப்படும் நண்பர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

இயந்திரம்: எம்.டி.90 ஜப்பானியத் தபால் சேவைக்காகச் செய்த வண்டி. ஒற்றைச் சிலிண்டர், கையில் கிளட்ச் பிடியே இல்லை. சி.டி.125 பென்லி இரட்டைச் சிலிண்டர்.

செலவு: முன்னதற்கு ஒரு பிஸ்டன், ஒரு செட் ரிங். பின்னதற்கு எல்லாமே இரண்டு. சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் கூலியும் அப்படியே இரண்டு.

துரு: உண்மையான சண்டை இங்கேதான். உப்புக்காற்று இரண்டையும் விடாது. ஆனால் குரோம் பளபளப்பு ஆளை ஏமாற்றும். நான் வாங்கிய பென்லியின் பின் மட்கார்டை அடியிலிருந்து விரலால் அழுத்தினேன். அப்பளம் போல நொறுங்கியது. மேலே முகம் பார்க்கலாம்! டோர்ச் அடித்து, பெட்ரோல் தாங்கியின் அடிப்பக்கத்தையும் இருக்கைக்குக் கீழுள்ள சேசிஸையும் பாருங்கள்.

ஓட்டம்: நிலாவெளி வீதியில் பென்லிக்கு நிகரில்லை.

முதன்முறை ஸ்பேனர் பிடிப்பவருக்கும் சந்தைக்குப் போய்வருபவருக்கும் எம்.டி.90 போதும். பொறுமையும், உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை வரை அலையக் காலும் உள்ளவர் பென்லியை எடுக்கலாம். எதுவானாலும் பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ், இயந்திர இலக்கங்கள் பொருந்தாவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.