குருசுக்குப்பத்தில் ஒரு குரல் பயிற்சி வகுப்பு

பிரான்சில் ஓபரா எனும் மேற்கத்திய இசைநாடக மேடைகளில் நெடுங்காலம் பாடிவிட்டு, இப்போது புதுச்சேரி குருசுக்குப்பத்தில் தம் வீட்டு மாடியில் குரல் பயிற்சி அளித்துவரும் அம்மையார் ஒருவரிடம், கடலூரிலிருந்து வாரந்தோறும் சென்று பயின்றுவருகிறேன். கர்நாடக இசை கற்றவர்களுக்கு இந்த வகுப்பு உதவுமா என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

இங்கே பாட்டுச் சொல்லித்தருவதில்லை. ஓபராவில் மைக் கிடையாது. வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரவேண்டும். தொண்டையை இறுக்கிக் கத்தினால் அது நடவாது. பயின்ற குரலில், குறிப்பாக ஆண்குரலில், 3000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 3000 அதிர்வுகளை) ஒட்டிய பகுதி வலுத்து ஒலிப்பதே அதற்குப் பெரிதும் துணைசெய்கிறது. மேடையில் அம்மையார் செய்துவந்ததும் இங்கே கற்பிப்பதும் இந்த ஒன்றைத்தான்.

தொடக்கத்தில் மூச்சுப் பயிற்சி மட்டுமே. பிறகு, தண்ணீர் நிறைந்த டம்ளரில் உறிஞ்சுகுழலை வைத்து, அதன் வழியே ஸ்வரம் பிடிக்கவேண்டும். குமிழிகள் சீராக வரவேண்டும். தார ஷட்ஜத்தை (மேல் ஸ்தாயி ஸ) நெருங்கியதும் எனக்குக் குமிழிகள் அறுந்தன. அவர் எதுவும் சொல்லாமல், மேலே தூக்கியிருந்த என் முகவாயை ஒரு விரலால் இறக்கினார்; அடுத்த முறை அறுபடவில்லை.

மேடையிலிருந்து ஆசிரியப் பணிக்கு வருவது ஓபராவில் பழைய வழக்கம். 1825இல் நியூயார்க்கில் ரோசினியின் ‘செவில் நகர நாவிதன்’ ஓபராவில் நாவிதன் ஃபிகாரோவாகப் பாடிய மனுவேல் கார்சியா, சில ஆண்டுகளில் மேடையை விட்டு ஆசிரியரானார். 1841இல் தேய்ந்த குரலோடு வந்த ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்டை முதலில் பாடாமல் ஓய்வெடுக்கச் சொன்னவரும், 1854இல் கண்ணாடியின் உதவியால் தம் குரல்நாண்களைத் தாமே கண்டவரும் அவர்தாம். நம் அம்மையாரும் அந்த வழியில் வந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைகளும் உண்டு. கட்டணம் அதிகம், பிரெஞ்சு கலந்த ஆங்கிலம் பழகச் சிறிது காலமாகும். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்துக்கு உரிய அசைவைக் குரல் நடுக்கமென்று எண்ணி நேராக்கப் பார்த்தார். விளக்கிய பின், கமகத்தை, அதாவது இத்தகைய ஸ்வர அசைவுகளை, எங்கள் குருமார்களிடமே விட்டுவிட்டார். நியாயமான முடிவு.

கச்சேரி முடிந்ததும் தொண்டை கட்டிக்கொள்பவர்களும், நாள் முழுவதும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் தாராளமாகச் சேரலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் நீடித்தவர்களை மட்டும், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பிவிடுகிறார்.