செவ்வாய்ப்பேட்டையில் ஓர் இஞ்சி சோடா

ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் எனக்கு வயிறு புரட்டத் தொடங்கிவிடும். அதற்கு இஞ்சிதான் மருந்து என்று சொல்லி, சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சோடாக் கடைக்கு மாமா என்னை அழைத்துச் சென்றார். அதன் பிறகு நானாகவே நான்கு முறை போய்வந்துவிட்டதால், முதல் நாள் கிறக்கத்தில் இதை எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

கடைக்காரர் இஞ்சியைத் தோல் சீவி நசுக்கித் துணியில் பிழிந்து, அந்தச் சாற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் அரை மணி நேரம் அசைக்காமல் வைக்கிறார். அடியில் வெள்ளையாக மாவு படிகிறது. மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, நன்றாக ஆறிய சர்க்கரைப் பாகில் சேர்க்கிறார். ஆறிய பாகு என்பதுதான் முக்கியம். பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணமான ஜிஞ்சரால் கொதியில் மாறிக் காரம் தணிந்துவிடும். அதே பொருள் உலரும்போது ஷோகாலாக மாறுவதால்தான் சுக்கு இஞ்சியைவிடக் கூடுதலாக உறைக்கிறது.

தம்ளரில் இரண்டு கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அதன்மேல் கோலி சோடா. 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவைக்கிறது. முதல் மிடறில் இனிப்புதான் தெரிகிறது. விழுங்கிய பிறகே தொண்டையில் சூடு ஏறுகிறது. மலைமேல் ஒரு கடையில் நான் வாங்கிய புட்டிப் பானத்தில் இந்தச் சூடு மருந்துக்கும் இல்லை. லேபிளைப் படித்தபோது இஞ்சி மணமூட்டி மட்டுமே இருந்தது, இஞ்சி இல்லை.

குறையும் உண்டு. சோடாப் புட்டிகளை நிழலில் அடுக்கியிருக்கிறாரே தவிர, குளிர வைப்பதில்லை. வெதுவெதுப்பான நீரில் வாயு தங்காது என்பதால், சித்திரை வெயிலில் பாதித் தம்ளர் குடிப்பதற்குள் பொங்கித் தணிந்து சப்பென்று ஆகிவிடுகிறது. பனிக்கட்டி கேட்டால் போடுகிறார். ஆனால் அது கரையக் கரைய உறைப்பும் நீர்த்துப் போகிறது. இனிப்பும் எனக்குச் சற்று அதிகம். ஒரு கரண்டி பாகு போதும் என்று முன்கூட்டியே சொன்னால் குறைத்துக்கொள்கிறார், ஆனால் அதோடு இஞ்சியும் பாதியாகிவிடுகிறது.

அன்றன்று பிழிந்த சாறு அன்றோடு சரி. மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் பன்னீர் சோடாதான் கிடைக்கும்.