மூன்று மாதக் குடிச் செலவில் 21 நாள் சிகிச்சை: வேலூரில் ஒரு குடிநோய் மீட்பு மையம்

என் அண்ணன் 2024 ஜூன் மாதத்தில் 21 நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்ற மீட்பு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். வேலூர் நகரை ஒட்டி, மனநல மருத்துவர் ஒருவரின் பொறுப்பில், முப்பது கட்டில்களுடன் நடந்து வரும் இடம் என்பது போதும். மதுவின் விலையையும் வரியையும் ஏற்றினால் குடி குறையுமா என்ற விவாதம் ஒவ்வொரு விலை உயர்வின்போதும் எழுகிறது. அந்த விவாதத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு சாட்சியாக இருக்கிறது. மையம் வாங்கும் கட்டணம் தகுமா என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் என்னால் அளக்க முடிந்தது என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் குடும்பம் பேரணாம்பட்டில் இருக்கிறது. அவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். அண்ணி வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையையும் தூளையும் எடுத்துச் சுற்றிக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் அவர். வரவு செலவை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வருகிறார். அதில் அண்ணனின் குடிக்கு மட்டும் தனிப் பத்தி உண்டு. 2024 ஜனவரி வரை ஒரு குவார்ட்டருக்கு 130 என்று இருந்த எண், பிப்ரவரி 1 முதல் 140 என்று மாறுகிறது. சாதாரண, நடுத்தர ரகங்களில் குவார்ட்டருக்குப் பத்து ரூபாயும் உயர்ரகத்தில் இருபது ரூபாயும் அரசு ஏற்றிய நாள் அது. நாளுக்கு இரண்டு குவார்ட்டர் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. மாதம் 7,800 ரூபாயாக இருந்த செலவு 8,400 ஆனது. கூடுதலாகப் போன அந்த 600 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதும் அதே நோட்டில் இருக்கிறது: அரை லிட்டர் பால் கால் லிட்டராகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கறி மாதம் ஒருமுறை ஆகிறது, பெரியவளின் டியூஷன் கட்டணம் இரண்டு மாதம் நிலுவையில் நிற்கிறது.

“இந்தப் பத்து ரூபா யாருக்குப் போவுது தம்பி?” என்று அண்ணி என்னைக் கேட்டபோது, அரசுக்கு என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதன்மீதான ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் மாநில அரசுக்கே உரியவை. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வழியாக அரசின் கையில் இருக்கிறது. 2023-24-ஆம் ஆண்டில் இந்த வகையில் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. வேலூர் அடங்கிய எங்கள் வட ஆற்காட்டுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. ராஜாஜி அரசு 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை, மறு ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும் விரித்து, 1939-இல் வட ஆற்காட்டுக்குக் கொண்டுவந்தது. சாராயத் தீர்வை நின்றதால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டவே அதே 1939-இல் பொது விற்பனை வரி பிறந்தது. கடையை மூடுவதற்காக ஒரு புதிய வரியைச் சுமந்த மாவட்டத்தில், கடையின் வரியை நம்பி அரசு நடக்கும் காலத்தில் நாங்கள் வாழ்கிறோம்.

மையத்துக்கு வருகிறேன். இதற்கு முந்தைய ஆண்டு வேறொரு மறுவாழ்வு இல்லத்தில் அண்ணனைச் சேர்த்து ஏமாந்திருந்தோம். அங்கே மருத்துவர் கிடையாது; முதல் பதினைந்து நாள் வீட்டார் பார்க்கக் கூடாது என்றார்கள்; திரும்பி வந்தபோது அவர் மணிக்கட்டில் கட்டிவைத்த தழும்பு இருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 குடிநோய் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது, நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது, இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. இவையெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. இந்த முறை வாசலில் நின்றபடியே பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். வரவேற்பறையில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார். மாட்டப்படாத இடத்தில் தயவுசெய்து யாரையும் சேர்க்காதீர்கள்.

சேர்த்த அன்று மருத்துவர் எங்களிடம் அரை மணி நேரம் பேசினார். கடைசியாக எப்போது குடித்தார், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, கல்லீரலுக்கு ஏதாவது சிகிச்சை உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பம் முற்றலாம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவர் விளக்கிய பிறகுதான், வீட்டிலேயே அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்திவிடலாம் என்று நாங்கள் முன்பு செய்த முயற்சி எவ்வளவு விபரீதமானது என்று புரிந்தது.

மூன்றாம் இரவு நான் துணைக்கு இருந்தேன். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, போர்வையின் நான்கு முனைகளையும் மாறி மாறி இழுத்து, உள்ளங்கையால் தேய்த்து, இல்லாத கிளிப்புகளை ஓரத்தில் மாட்டிக்கொண்டே இருந்தார். ஈரத் தோலைச் சட்டத்தில் விரித்துக் காயவைக்கும் வேலையை அவர் கைகள் செய்துகொண்டிருந்தன. என்னை யாரென்று தெரியவில்லை. இரவுப்பணிச் செவிலியர் அவரை அதட்டவில்லை, பிடித்து அழுத்தவும் இல்லை. விளக்கை அணைக்காமல் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஊசி போட்டார். வைட்டமின் பி1 ஊசி முதல் நாளிலிருந்தே தவறாமல் போனது. ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் என்னைப் பார்த்து, “எப்போ வந்த?” என்று கேட்டார். அந்த நான்கு இரவுகளுக்காக மட்டுமே இந்த மையத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

உணவும் தங்குமிடமும் சாதாரணம். தூய்மை உண்டு, கொசு உண்டு.

இரண்டாவது வாரத்தின் முடிவில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில், கூடத்துத் தொலைக்காட்சியின் முன் நோயாளிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய குழு அமர்வில் ஆலோசகர் அதையே பேச்சாக்கினார். மதுவின் விலையை ஏற்றினால் ஏழைகள் கள்ளச்சாராயத்துக்குப் போவார்கள் என்று ஒருவரும், விலை ஏறியிருந்தால் தான் இருபது வயதில் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்று இன்னொருவரும் சொன்னார்கள். சாத்கர் மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், கடை விலை என்னவாக இருந்தாலும் மலையில் காய்ச்சுவது நிற்பதில்லை என்றார். இவர்கள் மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்பதை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது உணர்ந்தேன்.

எல்லையில் வாழும் நமக்கு விலையின் கதை கண்ணெதிரில் நடந்திருக்கிறது. ஆந்திர அரசு 2020 மே மாதத்தில், குடியைக் குறைப்பதற்காக என்று சொல்லி, இரண்டே நாளில் மதுவின் விலையை 75 சதவீதம் ஏற்றியது. பக்கத்து மாநிலங்களிலிருந்து பாட்டில்கள் அங்கே கடத்தப்பட்டன. பிறகு அதே அரசு விலையைக் குறைத்தது. 2024 அக்டோபரில் புதிய அரசு 99 ரூபாய்க்கு குவார்ட்டர் கொண்டுவந்தது. பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறினால் ஆந்திரத்தின் வி.கோட்டா; அப்போது இந்தப் பக்கம் 140, அந்தப் பக்கம் 99. பக்கத்து மாநிலங்கள் கலந்து பேசாமல் ஒரு மாநிலம் மட்டும் ஏற்றும் வரி மலைப்பாதையில் வழிந்து போய்விடும்.

அதற்காக விலை உயர்வே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்து 2018 மே மாதம், 10 மில்லி லிட்டர் சுத்த ஆல்கஹாலை 50 பென்ஸுக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மதுவால் நேரும் இறப்புகள் அதனால் 13.4 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தை ஆராய்ந்தவர்களே இன்னொன்றையும் பதிவு செய்தார்கள்: குடிக்கு அடிமையாகிவிட்டவர்களிடம் குடி குறைந்ததற்குப் போதிய சான்று இல்லை, அவர்களில் சிலர் உணவுச் செலவைக் குறைத்துக் குடிக்குக் கொடுத்தார்கள். அண்ணியின் நோட்டில் பால் கால் லிட்டரானது இதே கதைதான். புதிதாகக் கை நீட்டும் இளைஞனையும், வாரம் ஒருமுறை குடிப்பவரையும் விலை தடுக்கும். அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்து ரூபாய் என்று கூலியோடு சேர்ந்தே ஏறும் விலை தடுக்காது. உறைக்கும்படி ஏற வேண்டும். கை நடுங்கத் தொடங்கிவிட்டவருக்கோ கட்டிலும் மருந்தும் மருத்துவரும் வேண்டும். 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். எஞ்சிய 37 பேர் கட்டும் கூடுதல் வரியில் ஒரு பங்கையாவது தாலுகா மருத்துவமனைகளில் மீட்புக் கட்டில்களுக்கு என்று சட்டத்திலேயே ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு விலையை ஏற்றுங்கள் என்பதே என் கோரிக்கை. இல்லையென்றால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுப்பது பீடி சுற்றும் கைதான்.

கட்டணம்: மருந்து, உணவு, ஆலோசனை எல்லாம் சேர்த்து 21 நாளுக்கு 24,000 ரூபாய் ஆனது. பீடிக் கூலியில் வாழும் குடும்பத்துக்குப் பெரிய தொகை. அண்ணி கம்மலை அடகு வைத்துத்தான் கட்டினார். ஆனால் 8,400 ரூபாய்க் கணக்கில் இது மூன்று மாதக் குடிச் செலவைவிடக் குறைவு. இரத்தப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் என்பதைச் சேர்க்கும்போது சொல்லாமல் கடைசி நாளில் பில்லில் காட்டினார்கள். கேட்டபோது பாதியைக் குறைத்தார்கள். முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். குடும்பத்தாருக்கான வகுப்பு நன்றாக இருந்தது. கணவர் குடிப்பதற்கு மனைவி காரணம் அல்ல என்று ஆலோசகர் எல்லார் முன்னிலையிலும் சொன்னபோது, அண்ணியின் அருகில் இருந்த மூதாட்டி ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த வகுப்பை இன்னும் இரண்டு முறை நடத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டைசல்ஃபிரம் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட உடம்பில் மது போனால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரும், ஆபத்தும் நேரலாம் என்பதை அண்ணனிடமே விளக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடிகளை விற்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள் என்று மருத்துவர் எங்களை எச்சரித்தார். இடையில் ஒரு தீபாவளி அன்று அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடித்தார். மறுநாள் தொலைபேசியில் சொன்னதும், திட்டாமல் அன்றே வரச்சொல்லிச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள்.

என் பெரிய குறை பின்தொடர் சிகிச்சை பற்றியது. மறு பரிசோதனைக்கு வாரத்தில் ஒரே நாள், காலை பத்து மணியிலிருந்து நண்பகல் வரைதான் பார்க்கிறார்கள். தோல் ஷாப்பில் அன்று விடுப்பு எடுத்தால் கூலி போகிறது. அண்ணிக்கோ அது சுற்றிய பீடியை ஏஜெண்ட்டிடம் ஒப்படைக்கும் நாள். வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்து வையுங்கள் என்று அங்குள்ள கருத்துப் பதிவேட்டில் எழுதி, கீழே என் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.