ஹால் விளைவு கருவித் தொகுப்பு: மெல்லிய உலோகப் படலத்துக்குத் தாங்குமா?

மின்னோட்டம் ஓடும் ஒரு பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்காக ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும், அதுதான் ஹால் விளைவு. அதை அளக்கும் இந்தத் தொகுப்பை எங்கள் முதுகலை ஆய்வகத்தில் இரண்டு பருவமாகப் பயன்படுத்துகிறோம். மின்காந்தம், அதற்கான பவர் சப்ளை, நிலையான மின்னோட்டம் தரும் பெட்டி, வோல்ட்மீட்டர், காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர், ஜெர்மானியம் என்ற குறைகடத்தியில் ஒரு மாதிரி, இவ்வளவுதான் வரும். ஜெர்மானியத்துக்குக் குறையே சொல்ல முடியாது, மில்லிவோல்ட் கணக்கில் அளவு வரும், மாணவர்கள் ஒரே மதியத்தில் முடித்துவிடுவார்கள்.

எனக்கு அது போதவில்லை. 1879-இல் எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டது குறைகடத்தியில் அல்ல, கண்ணாடியில் ஒட்டிய தங்க ரேக்கில். கனமான உலோகத்தில் முன்பு எதுவும் தெரியாமல் போனதால் ரேக்கை எடுத்துப் பார் என்று சொன்னவர் அவருடைய ஆசிரியர் ரோலண்ட். தடிமன் குறையக் குறைய ஹால் மின்னழுத்தம் கூடும், அதுதான் காரணம். நாங்களும் கண்ணாடித் துண்டில் 50 நானோமீட்டர் தங்கம் படியவைத்து 10 மில்லிஆம்பியர் செலுத்தி 0.5 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தோம். கணக்குப்படி வரவேண்டியது சுமார் 7 மைக்ரோவோல்ட், ஆனால் இந்த வோல்ட்மீட்டர் காட்டும் மிகச் சிறிய அளவே 100 மைக்ரோவோல்ட். வேறு ஆய்வகத்திலிருந்து நல்ல மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கித்தான் அளந்தோம்.

அப்புறமும் எளிதாக இல்லை. பக்கவாட்டில் வைக்கும் இரண்டு தொடுமுனைகளும் நேருக்கு நேர் இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் போதும், காந்தப்புலமே இல்லாதபோதும் சில நூறு மைக்ரோவோல்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். புலத்தின் திசையைத் திருப்பி, இரண்டு அளவுகளையும் கழித்துப் பாதியாக்கினால்தான் உண்மையான ஹால் அளவு கிடைக்கும். அதற்கு ஒரு திருப்பு சுவிட்சாவது வைத்திருக்க வேண்டாமா? ஒவ்வொரு முறையும் மின்காந்தத்தின் மின்னோட்டத்தைச் சுழியத்துக்கு இறக்கி, வயரைக் கழற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கிறது, அதற்குள் சுருள் சூடாகி மாதிரியின் வெப்பநிலையும் நகர்ந்துவிடுகிறது. மின்விசிறிக் காற்று பட்டாலே அளவு ஆடும், மாதிரியின் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் நின்றது.

ஆனால் நிக்கல் படலத்தை வைத்த அன்று பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது. 20 நானோமீட்டர்தான். புலத்தைக் கூட்டக் கூட்ட மின்னழுத்தம் செங்குத்தாக ஏறி, 0.6 டெஸ்லா அருகில் வளைந்து, அதற்கப்புறம் மெதுவாகச் சாய்வாகப் போகிறது. நிக்கல் காந்த உலோகம் என்பதால் இங்கே ஹால் மின்னழுத்தம் பெரும்பாலும் அதன் சொந்தக் காந்தத்தன்மை எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே வருகிறது. மெல்லிய நிக்கலில் காந்தத்தன்மை படலத்தின் தளத்திலேயே படுத்துக் கிடக்கும், வெளியிலிருந்து வரும் புலம் அதை நிமிர்த்துகிறது, முழுவதும் நிமிர்ந்த இடம்தான் அந்த வளைவு. காந்தமானி எதுவும் இல்லாமல், நான்கு கம்பிகளை வைத்தே ஒரு படலத்தின் காந்த நிலையைப் படிக்கிறோம் என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. காந்த இடைவெளி 10 மில்லிமீட்டரில் இருக்கும்போது இந்த மின்காந்தம் 0.75 டெஸ்லா வரை போகிறது, அதனால் நிக்கலுக்குச் சரியாகப் பொருந்தியது. இரும்புக்கு 2 டெஸ்லாவுக்கு மேல் வேண்டும், அதை இதில் முயல வேண்டாம். பிளாட்டினத்துக்கு நடுவில் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான கோபால்ட் வைத்த படலம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், அதில் காந்தத்தன்மை தானாகவே நிமிர்ந்து நிற்கும் என்பதால் புலத்தை ஏற்றி இறக்கி வரையும் வரைபடத்தில் அழகான சதுர வளையம் வரும்.

இன்னொரு குறை, மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் காந்தத் துருவங்களில் கொஞ்சம் புலம் மிஞ்சியிருக்கும். மின்னோட்டம் ஏறும்போது எடுத்த புல அட்டவணையை இறங்கும்போது நம்பாதீர்கள், காஸ்மீட்டரை ஒவ்வொரு முறையும் வைத்துப் பாருங்கள்.

ஜெர்மானியம் மட்டும் போதும் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். உலோகப் படலம் அளக்க நினைப்பவர்கள் கூட வரும் வோல்ட்மீட்டரை வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள், அந்தப் பணத்தை 0.1 மைக்ரோவோல்ட் வரை காட்டும் மீட்டர் வாங்கச் சேர்த்து வையுங்கள். திருப்பு சுவிட்சை நாங்களே செய்து மாட்டிவிட்டோம், அரை நாள் வேலைதான்.